நோய் இல்லாத தெரு

மகனே, நீ பிறந்த தெருவுக்கு நீயே ஓர் அநியாயம் செய்துவிட்டாய். முதலில் சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, பிறகு மெதுவாக விஷயத்துக்கு வா என்று உன்னைப் பெற்ற அத்தா சொன்னார். அவர் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை விற்கிறவர். எடை போடுவதற்கு முன்னால் காப்பி வாங்கிக் கொடுத்துப் பழகியவர். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சர்க்கார் நம் ஊருக்கு ஒரு நர்ஸையும், நெஞ்சு வியாதிக்கு வீட்டில் இருந்தபடியே சாப்பிடுகிற மாத்திரைகளையும், பிள்ளைகளுக்குப் பால் பவுடரையும் கொடுக்க முன்வந்தது. அவை எந்தத் தெருவுக்கு வேண்டும் என்று பார்த்துத் திட்டம் எழுதும் வேலையை உன்னிடம் ஒப்படைத்தது. நீ நம் பேகம்பூருக்கு வந்தாய். தெரு பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியைக் கேட்டாய். "இங்கே நோய் இல்லை" என்று எழுதிக்கொண்டு போனாய். எல்லாம் உத்தியோகஸ்தர்கள் புதிதாக வீடு கட்டியிருக்கும் பக்கம் போய்விட்டது. தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டியிருக்க மாட்டேன். நீ தெரிந்தே செய்தாய்.

இது உனக்கு மட்டும் எழுதும் கடிதம் இல்லை. உன்னோடு கால்சட்டை போட்டுக்கொண்டு வந்த அந்த இரண்டு பேரும், உங்கள் மூவருக்கும் மேலே இருப்பவரும் இதைப் படிக்க வேண்டும். உன் கையிலிருந்து அவர்கள் கைக்கு இது போகாது என்பதால் இன்னொரு பிரதி எழுதி நானே அனுப்புகிறேன். அதனால்தான் யாருடைய பெயரையும் இதில் எழுதவில்லை. ஒரு வீட்டின் பெயரும் நோய் என்ற சொல்லும் ஒரே காகிதத்தில் வந்தால் அந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. குர்ஆன் ஓதப் போன இடத்தில் அரபு எழுத்தைக் கற்றுக்கொண்டேன். தமிழ் எழுத்தை, நீ ஒன்றாம் வகுப்பில் சிலேட்டை வைத்துக்கொண்டு அழுத காலத்தில் உன் தோளுக்குப் பின்னால் நின்று நானாகப் பிடித்துக்கொண்டேன். நான் உனக்குச் சொல்லிக் கொடுப்பதாக நீ நினைத்துக்கொண்டிருந்தாய்; நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். ஆகவே போன கடிதத்தில் "அம்மாவுக்கு இந்தத் திட்ட விவகாரமெல்லாம் புரியாது" என்று நீ உன் அத்தாவுக்கு எழுதியிருந்த வரியை யாருடைய உதவியும் இல்லாமல் படித்தேன். புரியவும் செய்தது.

அன்று நடந்ததை உன் அதிகாரிக்காக ஒருமுறை எழுதுகிறேன். நீங்கள் மூன்று பேரும் உன் அத்தாவின் கடை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். தெருவிலுள்ள ஆண்கள் கூடினார்கள். பெண்களையும் கேட்க வேண்டும் என்பது உங்கள் விதியாம். அதனால் வீடு வீடாக வந்து முன்வாசலில் நின்றீர்கள். கதவுக்குப் பின்னால் நாங்கள்; கதவுக்கும் உங்களுக்கும் நடுவே அந்தந்த வீட்டு ஆண். அச்சடித்த தாளைப் பார்த்து நீ கேட்டாய்: "இவ்வீட்டில் நோயாளிகள் எவரேனும் உளரா?" தோல் மண்டி வைத்திருக்கும் மாமு வயிறு குலுங்கச் சிரித்தார். "நோயா? நம்ம தெருவுலயா? நல்லாக் கேட்டீக தம்பி. அதெல்லாம் ரயிலடிக்கு அங்கிட்டுப் போயி விசாரிங்க. இங்க கல்லக் குடுத்தாலும் திண்டு செரிச்சுப்புடுவோம்." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் நின்றார். "ஒண்ணுமில்ல, ஆவாரம்பட்டைத் தூசி" என்றார். மருத்துவம் படித்த நீ தலையாட்டி எழுதிக்கொண்டாய்.

நம் வீட்டுக்கும் வந்தாய். பெற்ற தாயிடம், அதே தாளைப் பார்த்து, அதே உளரா. நான் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்: "இங்க யாரும் ஒளறல அத்தா. நீதான் வெயில்ல நின்னு ஒளறிக்கிட்டிருக்க. உள்ள வந்து பசியாறிட்டுப் போ." தெரு சிரித்தது. உன்னோடு வந்த மெட்ராஸ்காரப் பையன்கூடச் சிரித்தான். உனக்கு முகம் சிவந்துவிட்டது. பசியாறாமலே போய்விட்டாய். தாளில் நம் வீட்டுக்கு நேரே "இல்லை" என்று எழுதியிருப்பாய்.

உன் அதிகாரிக்கு இப்போது ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் தெருவில் நோய் என்று யாரும் தங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். காய்ச்சல் என்றால் "மேலுக்குச் சொகமில்ல" என்பார்கள். வயிற்றுப்போக்கு என்றால் "வகுறு சரியில்ல" என்பார்கள். நெஞ்சில் சளி கட்டி, சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சல் அடித்து, ஆள் உருகிக்கொண்டே போனாலும் அது "சூட்டு இருமல்"தான். நோய் என்றால் இரண்டே இரண்டுதான்: விரலைத் தின்னுவது ஒன்று, நுரையீரலைத் தின்னுவது ஒன்று. ஒரு வீட்டில் அது இருக்கிறது என்று ஆகிவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணை யாரும் எடுக்க மாட்டார்கள், அந்த வீட்டுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். ஆகவே "நோயாளி உண்டா" என்று தெருவில் நின்று கேட்பது, "உன் மகளை வீட்டோடு வைத்துக்கொள்ளப் போகிறாயா" என்று கேட்பதற்குச் சமம். யார் ஆமாம் என்பார்கள்? மெட்ராஸிலிருந்து வந்தவனுக்கு இது தெரியாது. அவனை நான் மன்னித்துவிட்டேன். உனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்பதையும் எழுதிவிடுகிறேன். உன் அத்தாவின் தங்கையை, உன்னை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்த உன் மாமியை, பெண் பார்க்க ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். நல்ல இடம். பையனும் நல்லவன். எதிர்வீட்டில் இறங்கி இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் உன் அத்தா பட்டை வண்டியிலிருந்து சறுக்கி விழுந்து கால் வீங்கிக் கிடந்தார். கட்டுப் போட ஒரு வைத்தியருக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். அவர் கொடைரோட்டுக்காரர், படித்தவர், சுத்தமாகப் பேசுகிறவர். தெருமுனையில் இறங்கி, பள்ளிவாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி, "நோயாளி இருக்கும் வீடு எது?" என்று கேட்டார். யாரோ நம் வீட்டைக் காட்டினார்கள். அவ்வளவுதான். எதிர்வீட்டில் தேநீர்க் கோப்பைகள் பாதியில் நின்றன. உன் அத்தா வலியைப் பொறுத்துக்கொண்டு எழுந்து, வேட்டியைத் தூக்கி, வீங்கின காலைக் காட்டிக்கொண்டே தெருவில் நடந்தார். மாப்பிள்ளையின் தாயார் வண்டியில் ஏறிக்கொண்டு சொன்னதை நீயும் கேட்டாய்: "கால் வீக்கமுன்னா கால் வீக்கமுன்னுல்லங்க கேட்டிருப்பாரு. நோயாளின்னுல்லங்க கேட்டாரு." அதற்குப் பிறகு வந்த இடமெல்லாம் அதைக் கேள்விப்பட்டே வந்தன. கடைசியில் உன் மாமியை, பெண்டாட்டி இறந்து, வளர்ந்த பிள்ளைகள் உள்ள ஒரு கிழவருக்குக் கொடுத்தோம். வண்டி நகரும்போது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நீ அழுத அழுகைக்கு உன்னை இரண்டு பேர் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

அந்தச் சக்கரத்தைப் பிடித்த கைதான் அந்தத் தாளையும் பிடித்தது. "மேலுக்கு எப்படி இருக்கு" என்று கேட்க உனக்கு வாய் வராமல் இல்லை. கூட வந்தவர்கள் முன்னால் எங்கள் பேச்சைப் பேச உனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்குத்தான் நாங்கள் விலை கொடுக்கிறோம்.

உன் திட்டம் எப்படி நடக்கிறது என்று நீ வந்து பார்க்கவில்லை. நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நர்ஸ் ஒருநாள் செருப்பு வாங்க நம் தெருவுக்கு வந்தாள். சின்னப் பெண், கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரப் பிள்ளை, பழனிப் பக்கம் ஊர். வெயிலுக்கு ஒதுங்கியவளை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தேன். "எப்படிம்மா போகுது வேலை?" என்றேன். "எங்கீங்கம்மா வேலை? சும்மா உக்காந்து கெடக்கறனுங்க. அந்தப் பக்கத்து அம்மாக்கள் வருவாங்க, எடை பாக்கற மெசின்ல ஏறுவாங்க, குண்டாயிட்டமேன்னு சிரிச்சுட்டுப் போயிருவாங்க. பால் பவுடரை வாங்கிட்டுப் போயி நாய்க்குக் கரைச்சு ஊத்தறாங்க" என்றாள். பிறகு கொல்லைப்பக்கம் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் கைகால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏனுங்கம்மா, இந்தத் தெருவுக்கு எதுவும் வேண்டாமுன்னு எழுதியிருக்காங்களே, நெசந்தானுங்களா?" என்றாள். "எழுதுனது யாருன்னு தெரியுமா?" என்றேன். "ஆரோ ஆபீசருங்க. இதே ஊர்க்காரராம். ஊர்க்காரரே எழுதுனா சரியாத்தானுங்களே இருக்கும்." உன் படம் அவள் தலைக்கு மேலே சுவரில் பட்டம் வாங்கிய கோலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி "இவன் என் மகன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவேன். அவளிடம் சொல்லவில்லை.

இனி, எது அவசரம் என்று சொல்லுகிறேன். நம் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். எந்தப் பெண் என்று உனக்குத் தெரியும். அவள் தவழும்போது நீ தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாய். உன் அதிகாரிக்குத் தெரிய வேண்டாம். நோன்புப் பெருநாள் கழிந்ததும் அவளுக்கு நிக்காஹ். பொதுக் கிணற்றில் தண்ணீர் இறைக்க வருகிறாள். வாளி பாதியில் வரும்போது கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குகிறாள். சாயங்காலம் கன்னம் சிவந்திருக்கிறது. பார்க்கிறவர்கள் கல்யாணக் களை என்கிறார்கள். முந்தானையை வாயில் வைத்து இருமிவிட்டு அதை அவசரமாகச் சுருட்டி இடுப்பில் செருகுகிறாள். அந்த முந்தானையில் என்ன இருந்தது என்பதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

அவள் அம்மாவிடம் சும்மா பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "பிள்ளைக்கு இருமல் நிக்கலையே, ஆசுபத்திரிக்குப் போயிட்டு வருவமா?" என்றேன். "சூட்டு இருமல்தான் லாத்தா. எண்ணெய் தேச்சுக் குளிச்சா எறங்கிரும். கல்யாணமாகி வேற தண்ணி குடிச்சாச் சரியாயிரும்" என்றாள். "பாத்துட்டு வாறதுல என்ன கெட்டுப் போகுது?" என்றேன். "நீங்களா கேக்குறீக? உங்க வீட்டுல நடந்தது மறந்து போச்சா? அந்த வரிசையில போயி நின்னமுன்னா நாங்க திரும்பி வீடு சேருறதுக்குள்ள மாப்ள வீட்டுக்குச் சேதி போயிரும்" என்றாள். உங்கள் பாஷையில் இதற்கு அறியாமை என்று பெயர். போன கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தாய்: மக்களின் அறியாமை நீங்கிய பிறகு அடுத்த கட்டத்தில் பேகம்பூர் பரிசீலிக்கப்படும் என்று. அவள் அறியாதவள் இல்லை, மகனே. ஆசுபத்திரி வாசலில் நின்றால் மகளின் கல்யாணம் நிச்சயமாகப் போகும். நிற்காவிட்டால் மகள் ஒருவேளை பிழைத்தாலும் பிழைக்கலாம் என்று அவள் நினைக்கிறாள். நீ அவளுக்கு வைத்திருப்பது இந்த இரண்டு வாசல்தான். மூன்றாவது வாசல் ஒன்றைத் திறக்கத்தான் உனக்குச் சம்பளம். அடுத்த கட்டம் வரும்போது அவள் எங்கே இருப்பாள் என்று உன் விதிப் புத்தகத்தில் பார்த்துச் சொல்.

"அன்றைக்கே நீங்கள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே அம்மா" என்று நீ கேட்பாய். திறந்திருக்கலாம். கதவுக்குப் பின்னால் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இதில் என் பங்கு குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். அந்த ஆறுதலை நான் தரப்போவதில்லை. கேட்கத் தெரிந்தவன் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லியிருப்போம்.

மூன்றாவது வாசல் எது என்று கேட்கிறாயா? நம் தெருவின் பின்சந்தில் இருக்கிறது. மதியம் லுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் சாப்பிட்டுப் படுத்த பிறகு, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதும் வருவதும் அந்தச் சந்தில்தான். மருந்து அந்தச் சந்தில் வர வேண்டும். அந்த நேரத்தில் வர வேண்டும். நர்ஸ் மருந்துக்காரியாக வரக்கூடாது, பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கிறவளாக வர வேண்டும். பிள்ளை இருக்கிற வீடு, இல்லாத வீடு, வசதியான வீடு, கூலிக்காரன் வீடு, எதையும் விடாமல் போக வேண்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் போனால் அந்த வீடு நோய் வீடு. எல்லா வீட்டுக்கும் போகிறவள் எந்த வீட்டையும் காட்டிக்கொடுக்க மாட்டாள். நெஞ்சை எக்ஸ்ரே படம் பிடிக்கிற சர்க்கார் வண்டி வந்தாலும் அப்படித்தான். இருமுகிறவர்களைக் கூப்பிட்டால் ஒருவரும் வர மாட்டார்கள். எல்லாரையும் கூப்பிடு, கூட்டத்தோடு கூட்டமாக அவளும் வருவாள்.

இப்போது உன்னை ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கும் திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். நல்லபடியாக எழுதினாய் என்பதற்கான பதவி உயர்வாம். உன் அத்தா இனிப்பு வாங்கி வந்தார். நான் தொடவில்லை. அங்கே விவசாயம் பார்க்கிற சம்சாரி வீடுகளில் எந்தச் சொல்லுக்குப் பயப்படுகிறார்கள், பெண்கள் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார்கள், எந்தக் கிணற்றுக்கு யார் போகலாம், எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுத எனக்கு வெட்கமில்லை. உங்கள் மூன்று பேருக்கும் அது ஒன்றுதான் தெரியவில்லை. பேகம்பூருக்குத் தைத்த சட்டையே பேகம்பூருக்குப் பொருந்தவில்லை. அதையே ஆத்தூருக்கும் மாட்டிவிடப் பார்க்கிறாய்.

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். பேகம்பூரில் கேட்ட கேள்வி தப்பு, கிடைத்த பதில் செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை நீ செய்ய வேண்டும், உன் பெயரில், மெட்ராஸ்காரன் தலையில் கட்டாமல். அதைப் படித்துவிட்டு நர்ஸை இந்தப் பக்கம் மாற்றி உத்தரவு போட வேண்டியவர் உன் அதிகாரி. அடுத்த கட்டத்தில் அல்ல, பெருநாளுக்கு முன்னால். நர்ஸ் உட்கார, பின்சந்தில் கதவு வைத்த ஓர் அறை வேண்டும். உன் அத்தாவின் பட்டைக் கிடங்கு அப்படிப்பட்டது. காலி செய்து, வெள்ளையடித்து, சாவியைக் கொடுக்க வேண்டியவர் அவர். முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். இனி எந்த ஆபீசர் வந்து பெண்களிடம் கேள்வி கேட்டாலும் வாசலை விட்டு நகர்ந்து வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியவர்கள் தெரு ஆண்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அதைச் சொல்ல வேண்டியவர்கள் ஜமாஅத் பெரியவர்கள். படம் பிடிக்கிற வண்டி வருகிற நாளில் வேலைக்காரர்களின் கூலியைப் பிடிக்காமல் அனுப்ப வேண்டியவர்கள் தோல் ஷாப்பு முதலாளிகள். அந்த வண்டியில் முதல் ஆளாக ஏறி, தெரு பார்க்க நெஞ்சைக் காட்ட வேண்டியவர் மண்டி மாமு. பட்டைத் தூசிதானே, அவருக்கென்ன பயம்.

பிறகு, நிக்காஹ்வைத் தள்ளி வை, பிள்ளை முந்தானையில் ரத்தம் பார்த்தேன் என்று அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேச மாட்டாள். அதைச் செய்ய வேண்டியவள் நான். லுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள். தொழுதுவிட்டு, பின்சந்து வழியாகப் போகிறேன்.